முதற் படிவத்தில் எல்லோர் பெயரும் இருக்கட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில், கனடாவில் இருக்கும் மகன் தாயை ஸ்பொன்சர் செய்வது பற்றிய ஒரேயொரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதன் பின்னர் திருகோணமலை நகரிலிருந்தும் மூதூர், கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் பக்கங்களிலிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கித் தந்திருக்கிறார். எழுதியவர்களின் பெயர்களையும், ஊரில் ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களையும் நீக்கிவிட்டேன். விண்ணப்பக் கட்டணம், வருமான எல்லை போன்ற தொகைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றை இங்கே தரவில்லை. விண்ணப்பம் அனுப்பும் வாரத்திலேயே கனேடியக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் சரி.

கேள்வி: என் கணவர் 2010 ஆம் ஆண்டு கனடாவுக்குப் போய் அகதி அந்தஸ்துக் கோரினார். அவர் போகும்போது எங்களுக்குப் பதிவுத் திருமணம் முடிந்து ஒரு வருடம். மகனுக்கு மூன்று மாதம். கூட்டிக்கொண்டு போனவர், "தனி ஆள் என்று சொன்னால் கேஸ் இலகு" என்று சொன்னதால், எல்லாப் படிவத்திலும் மணமாகாதவர் என்றே எழுதிவிட்டார். 2014 இல் அவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. பிறகு எங்களை எடுக்க விண்ணப்பித்தபோது, நாங்கள் குடும்ப வகுப்புக்குள் (உறவினரை ஸ்பொன்சர் செய்து எடுக்கும் பிரிவுக்குள்) வரமாட்டோம் என்று நிராகரித்துவிட்டார்கள். மகன் தகப்பனைத் தொலைபேசியில் மட்டுமே அறிவான். எங்களுக்கு இனி வழியே இல்லையா? – மூதூர் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதே துயரத்தை வேறு வேறு வடிவத்தில் இன்னும் நான்கு பேர் எழுதியிருப்பதுதான். உங்கள் விண்ணப்பத்தைத் தடுத்தது கனேடியக் குடிவரவு ஒழுங்குவிதிகளில் உள்ள 117(9)(டி) என்ற பிரிவு. ஒருவர் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்து அதைப் பெற்றுக்கொண்ட வேளையில் அவருக்கு மனைவியோ கணவனோ பிள்ளையோ இருந்து, அந்த உறவு படிவத்தில் சொல்லப்படாமலும், வைத்தியப் பரிசோதனை முதலான ஆய்வுகளுக்கு உட்படுத்தப்படாமலும் விடப்பட்டிருந்தால், பின்னாளில் அந்த உறவைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று அது சொல்கிறது. திருமணம் உண்மையானதா, பிள்ளை அவருடையதுதானா என்ற கேள்விகளே அந்தக் கட்டத்தில் எழுவதில்லை. மரபணுப் பரிசோதனையில் பிள்ளை அவருடையதுதான் என்று நிரூபித்தாலும் இந்தப் பிரிவு மட்டும் தானாக விலகிவிடாது. மறைத்ததற்குக் காரணம் பயமா, அறியாமையா, கூட்டிப்போனவரின் சொல்லா என்பதையும் அது பார்ப்பதில்லை.

ஆனால் வழியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பிரிவால் குடும்பங்கள் நிரந்தரமாகப் பிரிந்து கிடப்பதைக் கண்டு, 2019 செப்டெம்பரில் கனேடிய அரசு ஒரு தற்காலிகச் சலுகைக் கொள்கையைக் கொண்டுவந்தது. பின்னர் அது நீடிக்கப்பட்டும் வந்திருக்கிறது. ஸ்பொன்சர் செய்பவர் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ, அல்லது தாமே துணைவராகவோ தங்கிவாழும் பிள்ளையாகவோ ஸ்பொன்சர் செய்யப்பட்டுப் போனவராகவோ இருந்தால், விடுபட்ட துணையையும் பிள்ளையையும் அக்கொள்கையின் கீழ்ப் பரிசீலிக்கலாம். அதற்கு முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது: அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருடைய தகுதி பறிபோயிருக்காது என்ற நிலை இருக்க வேண்டும். உங்கள் கணவர் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். மனைவியும் பிள்ளையும் இருப்பது அந்த அந்தஸ்தைக் கெடுத்திருக்காது. இன்னும் சொன்னால், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தமது நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலேயே வெளிநாட்டில் இருக்கும் மனைவி, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடியும். அன்று உங்கள் இருவர் பெயரையும் எழுதியிருந்தால், தனியாக ஸ்பொன்சர் செய்ய வேண்டிய தேவையே வந்திராது. அந்த ஆளின் ஒரு சொல்லுக்கு நீங்கள் மூவரும் இத்தனை வருடம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

இந்தக் கொள்கை இன்று நடைமுறையில் இருக்கிறதா என்பதைக் கணவர் முதலில் உறுதிப்படுத்த வேண்டும். இல்லையென்றாலும், மனிதாபிமான, கருணை அடிப்படையில் விதிவிலக்குக் கோரும் 25 ஆம் பிரிவு சட்டத்தில் நிலையாகவே உள்ளது; அதிலே பிள்ளையின் நலனை அதிகாரி கட்டாயம் கருத்தில் எடுக்க வேண்டும். எந்த வழியானாலும் கணவர் நேரடியாகப் படிவத்தை நிரப்பி அனுப்பாமல், கனடாவில் உள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். முன்பு உண்மையை மறைத்தது அவருடைய சொந்த வதிவிட உரிமையையே கேள்விக்குள்ளாக்கக்கூடிய விடயம் என்பதால், அந்த ஆலோசனைக்குச் செலவிடும் பணம் வீண்போகாது. நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது, இத்தனை வருட உறவுக்கான சான்றுகளைச் சேர்ப்பது: அவர் அனுப்பிய பணத்தின் வங்கிச் சீட்டுகள், அழைப்புப் பதிவுகள், அவர் வந்துபோன கடவுச்சீட்டு முத்திரைகள், மகனின் பாடசாலைப் பதிவில் தகப்பன் பெயர் உள்ள பக்கம்.

மற்றவர்களுக்கும் இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போட்ட பின்பு, ஆனால் கனடாவில் தரையிறங்குவதற்கு முன்பு நடக்கும் திருமணமும் பிறக்கும் பிள்ளையும் இதே பிரிவுக்குள்தான் வருகின்றன. பெற்றோருடன் சேர்த்து விசா கிடைத்த மகனுக்கு, "போவதற்கு முன் ஒரு கலியாணத்தை முடித்து அனுப்புவோம்" என்று அவசரமாகப் பதிவு வைத்து, அதை விமான நிலையத்தில் சொல்லாமல் இறங்கிய கதைகள் நமது மாவட்டத்திலேயே உண்டு. தங்கிவாழும் பிள்ளை என்ற தகுதிக்கு மணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதால் அவருடைய விசாவும் பிழையாகிவிடுகிறது. இங்கே விட்டுப்போன பெண்ணையும் பிறகு எடுக்க முடிவதில்லை. வீட்டில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் தரையிறங்குவதற்கு முன் எழுத்தில் அறிவியுங்கள். கூட வராத பிள்ளை என்றாலும், பிரிந்துபோன துணையிடம் வளரும் பிள்ளை என்றாலும், பெயரை எழுதி, முடிந்த வரையில் வைத்தியப் பரிசோதனையையும் செய்விக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 68 வயது. கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. மூத்த மகன் ஸ்காபரோவிலும் மகள் மொன்றியலிலும் இருக்கிறார்கள். கடைசி மகளுக்கு 26 வயது, இன்னும் திருமணமாகவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். மூத்தவர்கள் இருவரும் தங்கள் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி எங்கள் இருவரையும் எடுக்கலாமா? அங்கே போனவுடன் வயோதிபர் பணம் கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். – உவர்மலை வாசகி

பதில்: அம்மா, நீங்கள் கேட்டதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. சம்பளத்தைச் சேர்ப்பதிலிருந்து தொடங்குகிறேன். பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும்போது வருமானத்தில் பங்காளியாகக் கையொப்பமிடக் கூடியவர் ஸ்பொன்சர் செய்பவரின் மனைவி அல்லது கணவர் மட்டுமே. அண்ணனும் தங்கையும் சேர்ந்து காட்ட முடியாது. ஆகவே உங்கள் மருமகளின் வருமானம் மகனுக்குக் கைகொடுக்கும். மகளின் வருமானம் உதவாது. மகள் வசிக்கும் கியூபெக் மாகாணத்துக்குத் தனி விதிகளும் உண்டு. மகன், விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று வரி ஆண்டுகளிலும், தமது குடும்பத்தின் அளவுக்கு விதிக்கப்பட்ட குறைந்த வருமான எல்லையை விட 30 வீதம் கூடுதலாக உழைத்திருக்க வேண்டும். அந்தக் குடும்ப அளவில் அவர், மனைவி, பிள்ளைகள், நீங்கள் ஆகியோரோடு, அவர் முன்னர் ஸ்பொன்சர் செய்து பொறுப்புக் காலம் முடியாத எவராவது இருந்தால் அவரும் எண்ணப்படுவார். கனேடிய வருமான வரித் திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தல்தான் இதற்குச் சான்று. கையில் காசாக வாங்கி வரிக்குக் காட்டாத சம்பளம் இங்கே சம்பளமாக எண்ணப்படாது.

அடுத்தது, மகன் விரும்பியவுடன் விண்ணப்பிக்க முடியாது. பெற்றோர், பாட்டன் பாட்டி திட்டத்தில் அழைப்பு வந்தவர்தான் விண்ணப்பிக்கலாம். விருப்பம் தெரிவிக்கும் படிவம் 2020 ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை திறந்திருந்தது. அதன் பின்வந்த ஆண்டுகளில் அந்தப் பட்டியலிலிருந்தே குலுக்கல் முறையில் அழைப்புகள் அனுப்பப்பட்டு வந்தன. உங்கள் மகன் அன்று பதிந்தாரா என்று கேளுங்கள். பதிந்திருந்தால், அப்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரியை இன்றும் பார்க்கிறாரா என்றும் கேளுங்கள். அழைப்பு அந்த முகவரிக்குத்தான் வரும், அதற்குப் பதிலளிக்கும் காலமும் குறுகியது.

கடைசி மகளைப் பற்றி எழுதுவதற்குத்தான் மனம் தயங்குகிறது. பெற்றோரோடு சேர்ந்து போகக்கூடிய பிள்ளை 22 வயதுக்குக் கீழ்ப்பட்டவராகவும் மணமாகாதவராகவும் இருக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் திணைக்களத்துக்குக் கிடைத்த நாளில் இருந்த வயதே கணக்கு. 22 வயதுக்கு முன்பிருந்தே உடல் அல்லது உள நிலை காரணமாகப் பெற்றோரின் செலவில் வாழ்ந்து வருபவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. உங்கள் மகள் இந்த வழியில் உங்களோடு வர முடியாது. ஆகவே நீங்கள் போனால் அவள் எங்கே, யாரோடு இருப்பாள் என்பதை ஸ்பொன்சர் வேலைக்கு முன்னரே பிள்ளைகள் மூவரையும் வைத்துப் பேசி முடியுங்கள். விசா கையில் வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால், முடிவை அந்தப் பெண்ணின் தலையில் கட்டுவதாகிவிடும். அவளுக்குக் கல்வியும் தொழில் அனுபவமும் ஆங்கிலமும் இருந்தால், அவள் தன் தகுதியிலேயே, இவற்றுக்குப் புள்ளியிட்டு ஆட்களைத் தெரிவு செய்யும் எக்ஸ்பிரஸ் என்றி முறையில் முயலலாம். கனடாவில் உடன்பிறப்பு இருப்பதற்கு அதில் 15 மேலதிகப் புள்ளிகள் உண்டு.

வயோதிபர் பணம் போனவுடன் கிடைக்காது, அம்மா. கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 65 வயதோடு, 18 வயதுக்குப் பின் குறைந்தது பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும். மகன் உங்களுக்காகக் கையொப்பமிடும் பொறுப்போ இருபது ஆண்டுகளுக்கானது. இடையில் அவர் வேலையை இழந்தாலும், குடும்பத்தில் மனத்தாங்கல் வந்து நீங்கள் தனியே போனாலும், அந்தப் பொறுப்பு நீங்காது. நீங்கள் அரச சமூக உதவிப் பணம் பெற்றால் அத்தொகையை அரசு அவரிடம் கேட்கும். மருமகளும் கையொப்பமிட்டிருந்தால் அவரிடமும் கேட்கும். அதனால், அவர்கள் இருவரும் இதை விளங்கிக்கொண்டுதான் ஒப்பமிடுகிறார்களா என்று தாயாகிய நீங்கள் கேட்பதில் தவறில்லை.

அழைப்பு வராவிட்டால் சூப்பர் விசா இருக்கிறது. பிள்ளையோ பேரப்பிள்ளையோ அழைக்க, ஒரு தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு ஓராண்டுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். வைத்தியப் பரிசோதனை வேண்டும். மகனின் வருமானம் குறைந்த எல்லையைத் தொட்டால் போதும், மேலதிக 30 வீதம் தேவையில்லை. நீங்கள் போய் இருந்து, கடைசி மகளின் காரியங்களுக்காகத் திரும்பி வந்து, மீண்டும் போகலாம். உங்கள் நிலைமைக்கு இதுவே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: மகன் மெல்பேர்ணில் குடியுரிமை பெற்றவர். மற்ற மூன்று பிள்ளைகளும் இங்கேதான். அவர் எங்களை நிரந்தரமாக எடுக்கலாமா? – பாலையூற்று வாசகர்

பதில்: அவுஸ்திரேலியாவின் நிரந்தரப் பெற்றோர் விசாக்களுக்குக் குடும்பச் சமநிலைச் சோதனை என்ற ஒன்று உண்டு. உங்கள் பிள்ளைகளில் அரைவாசிப் பேராவது அங்கே நிரந்தரமாக வாழ வேண்டும். அல்லது வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதை விட அங்கே கூடுதலானோர் வாழ வேண்டும். நால்வரில் ஒருவர் அங்கே, மூவர் இலங்கையில் என்னும்போது நீங்கள் அதில் தேறமாட்டீர்கள். 2019 இல் தொடங்கிய 870 இலக்கத் தற்காலிகப் பெற்றோர் விசாவுக்கு அந்தச் சோதனை இல்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பெறலாம். எல்லாமாகப் பத்து ஆண்டுகள் வரை தங்கலாம். அது நிரந்தர வதிவிடமாக மாறாது.

கேள்வி: மாப்பிள்ளை கனடாவில். கடந்த வருடம் வட்ஸ்அப் வீடியோவில் அவர் அங்கிருந்து சம்மதம் சொல்ல, இங்கே பள்ளிவாசலில் வைத்து என் தங்கைக்கு நிக்காஹ் முடித்தோம். வலீயும் (பெண்ணின் பொறுப்பாளர்) சாட்சிகளும் இங்கே இருந்தார்கள். இனி அவர் ஸ்பொன்சர் செய்ய வேண்டியதுதானே? – கிண்ணியா வாசகர்

பதில்: சகோதரரே, அந்த நிக்காஹ் மார்க்க முறைப்படி செல்லுமா என்பது உலமாக்கள் சொல்ல வேண்டியது, அதில் நான் நுழையவில்லை. கனேடியக் குடிவரவு விதி வேறு. திருமணம் நடக்கும்போது மணமக்களில் ஒருவர் அந்த இடத்தில் நேரில் இல்லாமல், பதிலாளி மூலமாகவோ தொலைபேசி, இணையம் வழியாகவோ நடந்த திருமணத்தை 2015 ஜூன் 11 முதல் அந்நாடு ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. திருமணம் நடந்த நாட்டில் அது சட்டப்படி செல்லுபடியானாலும் நிலை இதுதான்.

மாப்பிள்ளை ஊருக்கு வந்து, இருவரும் நேரில் இருக்க, முறைப்படி திருமணம் நடந்து பதிவாக வேண்டும். முன்பு காணொளியில் நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. அது எப்படி, எந்தத் திகதியில் நடந்தது, பின்னர் நேரில் எப்போது நடந்தது என்று இரண்டையும் விளக்கக் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். முதல் நிக்காஹ் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், இரண்டாவதை எப்படிப் பதிவது என்பதை உங்கள் விவாகப் பதிவாளரிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரண்டு சான்றிதழில் இரண்டு திகதி இருந்து விளக்கம் இல்லாமல் போனால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். தங்கைக்கு 18 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். துணையை ஸ்பொன்சர் செய்வதற்குப் பொதுவாக வருமான எல்லை கிடையாது. ஆனால் மாப்பிள்ளை இயலாமை தவிர்ந்த வேறு காரணத்துக்காக அரச உதவிப் பணத்தில் வாழ்பவராக இருக்கக்கூடாது. அவர் குடியுரிமை பெறாமல் நிரந்தர வதிவாளராக மட்டும் இருந்தால், கனடாவில் வசித்துக்கொண்டே ஸ்பொன்சர் செய்ய வேண்டும்.

கேள்வி: அக்கா 15 வருடமாகக் கனடாவில் இருக்கிறா. என்னையும் என் குடும்பத்தையும் எடுக்க அவவுக்கு விருப்பம். என்ன படிவம் நிரப்ப வேண்டும்? – நிலாவெளி வாசகர்

பதில்: தம்பி, கனடாவில் வயது வந்த உடன்பிறப்பை ஸ்பொன்சர் செய்வதற்குப் பொதுவான வழி கிடையாது. தாயும் தகப்பனும் இறந்துபோன, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத தம்பி தங்கையரை எடுக்கலாம். அதைவிட, கணவர், பிள்ளை, பெற்றோர், பாட்டன் பாட்டி என்று ஸ்பொன்சர் செய்யத்தக்க எவரும் இல்லாமலும், கனடாவில் வதிவிட உரிமையோ குடியுரிமையோ உள்ள நெருங்கிய உறவினர் எவரும் இல்லாமலும் தனித்து நிற்பவர், ஒரேயொரு உறவினரை அழைக்கலாம். அக்காவுக்குக் கணவரும் பிள்ளைகளும் இருந்தால் அந்த வாசலும் மூடியதுதான். ஐக்கிய அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற, 21 வயதைக் கடந்த ஒருவர் சகோதரருக்கு மனுச் செய்ய முடியும். ஆனால் ஆண்டுக்கு 65,000 விசாக்கள் என்ற வரையறை இருப்பதால் அந்த வரிசை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. "அக்கா எடுப்பா" என்று காத்திருந்து தொழிலையும் காணியையும் கவனிக்காமல் விடாதீர்கள்.

கேள்வி: மகளை ஸ்பொன்சரில் எடுத்து இரண்டு வருடமாகிறது. மாப்பிள்ளை அடிக்கிறார். "எதிர்த்துப் பேசினால் உன் பிஆரை (நிரந்தர வதிவிட உரிமையை) வெட்டி ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறாராம். கடவுச்சீட்டையும் அட்டையையும் அவரே வைத்திருக்கிறார். மகள் திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுகிறாள். என்ன செய்வது? – சாம்பல்தீவுத் தாய்

பதில்: அம்மா, இந்தப் பதிலை இன்றைக்கே மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்வது பொய். ஸ்பொன்சர் செய்தவர், மனைவிக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைப்பதற்கு முன்னர்தான் தமது விண்ணப்பத்தை மீளப்பெற முடியும். கிடைத்த பின்பு அந்த உரிமை அவளுடையது; அதை வெட்டும் அதிகாரம் கணவருக்கு இல்லை. 2012 ஒக்டோபரில் கொண்டுவரப்பட்ட ஒரு விதியின்படி, புதிதாகத் திருமணமாகி வந்த சிலர் இரண்டு ஆண்டுகள் துணையோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிட உரிமை நிலைக்கும் என்றிருந்தது. அந்த விதி பெண்களை வன்முறைக்குள் பூட்டி வைக்கிறது என்பதனால் 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. பழைய விதியைக் கேள்விப்பட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லி மிரட்டுகிறார்கள்.

மனைவிக்காக அவர் ஏற்ற பொறுப்பு மூன்று ஆண்டுகளுக்கானது. அவள் பிரிந்து போனாலும் அது தொடரும். அவள் அரச உதவிப் பணம் பெற்றால் அதைத் திருப்பிச் செலுத்தும் கடமை அவருடையதே தவிர அவளுடையதல்ல. உயிருக்கு ஆபத்தென்றால் 911. தங்குமிடம், ஆலோசனை, இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்க 211 என்ற இலக்கம் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் அவர் வைத்திருப்பதைப் பொலிஸாரிடம் சொல்ல வேண்டும். அட்டை தொலைந்தால் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும், உரிமை தொலைந்துவிடாது.

ஒன்றை மட்டும் அவள் கவனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பிரிந்த பின்னர், திருமணமே பொய்யானது என்று அவர் குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதக்கூடும். அப்படி எழுதினால் விசாரணை வரலாம். அதற்காகச் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையின் சான்றுகளான திருமணப் படங்கள், கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையானவரிடம் கொடுத்து வைக்கட்டும். "ஊர் என்ன சொல்லும்" என்று நீங்கள் கடிதத்தின் இறுதியில் எழுதியிருந்தீர்கள். ஊருக்கு நாம் பிறகு பதில் சொல்லலாம், அம்மா. இப்போது அவளுக்குத் தேவை, "நீ எங்கே இருந்தாலும் நாங்கள் உன் பக்கம்" என்ற உங்கள் சொல்.

கேள்வி: 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது எல்லா ஆவணமும் போய்விட்டது. கிளிவெட்டி முகாமில் இருந்தபோது எடுத்த அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், பாடசாலைப் பத்திரத்தில் வேறு விதமாகவும் என் பெயர் இருக்கிறது. கணவர் ஸ்பொன்சர் செய்கிறார். தவறான பெயரால் நிராகரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. – சம்பூர் வாசகி

பதில்: பயப்பட வேண்டாம். முகாமில் வாழ்ந்த மக்களின் ஆவணங்களில் இது அநேகமாக எல்லோருக்கும் உள்ள சிக்கல். முதலில் உங்கள் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் தேடுவியுங்கள். அங்கே இல்லையென்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் தேடுவிக்கலாம். பிறப்பு ஒருபோதும் பதியப்படவில்லை என்று தெரிந்தால் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க வழியுண்டு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் அதற்கும் தேவைப்படும். ஸ்பொன்சர் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ள பெயரையே எழுதுங்கள். மற்ற எழுத்துவிதங்களை, "பயன்படுத்திய வேறு பெயர்கள்" என்று கேட்கும் இடத்தில் ஒன்று விடாமல் எழுதுங்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து இணையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி, மூலத்தின் பிரதியோடு சேர்த்து அனுப்ப வேண்டும். மொழிபெயர்ப்பு வந்ததும் தகப்பன் பெயரையும் பிறந்த திகதியையும் நீங்களே ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். என் சகோதரியின் பத்திரத்தில் மாதம் ஒன்று மாறிப்போனதை, கைரேகை கொடுக்க இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும் வழியில்தான் கண்டோம். கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் மொழிபெயர்ப்பாளரைத் தேடித் திரிந்த அந்தக் காலைப்பொழுதின் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: திருகோணமலையில் ஒரு ஏஜென்சிக்காரர், என் மாமாவின் மகன் மூலம் கனடாவுக்கு ஸ்பொன்சர் எடுத்துத் தருவதாகவும் 18 இலட்சம் ரூபாய் ஆகும் என்றும் சொல்கிறார். அரச அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். நம்பலாமா? – தம்பலகாமம் வாசகர்

பதில்: நம்ப வேண்டாம். நிலாவெளி வாசகருக்குச் சொன்ன அந்த அரிதான தனித்த நிலையைத் தவிர, மாமாவின் மகன் உங்களை ஸ்பொன்சர் செய்ய முடியாது. சுவரில் இருப்பது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் என்றால், அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது. கனேடியக் குடிவரவு விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை கூறும் உரிமை, அந்நாட்டு மாகாணங்களின் சட்டச் சங்கங்களில் பதிவுபெற்ற சட்டத்தரணிகள் போன்றோருக்கும், 2021 நவம்பரில் செயற்படத் தொடங்கிய குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரி (படிக்கும் இடமல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு) என்பதன் உறுப்பினர்களுக்குமே உண்டு. ஆலோசகர் இலங்கையில் இருந்தாலும் விதி இதுதான். உறுப்பினர் பட்டியலை அந்தக் கல்லூரியின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பம் வைக்காதீர்கள். அவர் உங்கள் பெயரில் பொய் எழுதி அனுப்பினால், பொய்க்கூற்றுக்கான ஐந்தாண்டுத் தடை உங்கள் மீதுதான் விழும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன். பிள்ளைகள் என்னை ஸ்பொன்சர் செய்து வதிவிட உரிமை எடுத்துத் தந்துவிட்டார்கள். ஆனால் என் மனம் இங்கேதான் இருக்கிறது. காலையில் கோணேசர் கோவிலடியில் நடந்துவிட்டு வந்தால்தான் நாள் நாளாக இருக்கிறது. ஒரு தடவையில் எவ்வளவு காலம் ஊரில் நிற்கலாம்? – திருகோணமலை நகர் வாசகர்

பதில்: ஐயா, ஒரு தடவைக்கு இவ்வளவு என்று எல்லை இல்லை. எந்த ஐந்தாண்டுக் காலத்தை எடுத்துப் பார்த்தாலும் அதற்குள் 730 நாட்கள் நீங்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பதே விதி. அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அட்டையின் காலம் முடிந்ததால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் அட்டை இல்லாமல் விமானம் ஏற முடியாமல் போகும். இங்கிருந்து பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதிகாரி உங்கள் நாட்களை எண்ணுவார். நாட்கள் குறைவு என்று தீர்மானித்தால் அறுபது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

அங்கே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால், வதிவிட உரிமையை நீங்களாகவே எழுத்தில் துறந்து, சூப்பர் விசாவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்து வரும் வழியும் சட்டத்தில் உள்ளது. துறந்த பின் மாகாண மருத்துவக் காப்பு நின்றுவிடும். பிள்ளைகள் மீண்டும் ஸ்பொன்சர் செய்ய வேண்டுமானால் அந்த வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும். ஆகவே இந்த வருடமே முடிவெடுக்க வேண்டாம். கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளைப் பார்த்து, போன நாளையும் வந்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். இன்னும் எத்தனை நாட்கள் அங்கே நிற்க வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்ததும், அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் காட்டி, உங்கள் மனதில் இருப்பதையும் அவர்களிடம் நேராகவே சொல்லுங்கள்.